வெள்ள எச்சரிக்கை வந்த ஒரே போன்

ஏரல் பஸ்ஸில் என் முன்சீட்டு இளைஞன் பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னான்: "வெள்ள எச்சரிக்கை சரியாத்தான் போச்சு, அண்ணாச்சி."

"எங்கலே போச்சு? ஊர்ல ஒருத்தருக்கும் வரலியே."

"அணை தொறந்தா எல்லாருக்கும் மெசேஜ் போகணும். அந்தப் புரோகிராம எழுதுனது நாந்தான். அணை தொறந்த மாதிரி சர்வர் கம்ப்யூட்டருக்கு ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பிச் சோதிச்சேன். ஒடனே மெசேஜ் வந்துச்சு."

"யாருக்கு?"

"எனக்கு. சோதனைக்குப் போயி ஊர்க்காரங்கள எதுக்குப் பதற வைக்கணும்னு என் நம்பர மட்டும் போட்டேன். ஊர்க்காரங்க நம்பரெல்லாம் பொறவு ஏத்துதோம்னு ஆபீஸ்ல சொன்னாங்க. ஏத்தல."

"வெள்ளம் வந்த அன்னைக்கு?"

"அன்னைக்கும் எனக்கு வந்துச்சு. நான் சென்னையில இருந்தேன்."

பெரியவர் வெளியே ஆற்றைப் பார்த்தார்.

"எம் பொண்டாட்டிய வெள்ளத்துலேருந்து எடுக்கையில, போன் அவ கையிலதாம்லே இருந்துச்சு."