கெணறு இல்லாத வூடு

ஹலோ... ஹலோ! கடலூரு மல்லாட்ட மண்டிங்களா, வேர்க்கடல மண்டி?... நான் புவனகிரிலேருந்து பேசறேங்க... கணக்குப்புள்ளயக் கூப்புடுங்க... அவரு சம்சாரம்... எந்தக் கணக்குப்புள்ளயா? கண்ணாடி போட்டுக்கிட்டு ஒல்லியா இருப்பாரே... பேரா? பேர எப்பிடிங்க நான் சொல்லுவேன்?... ஆங், அவருதான், அவருதான். அதான் நீங்களே சொல்லிட்டீங்களே. கூப்புடுங்க, சீக்கிரம்.

பாய், இத இப்பிடித்தான புடிக்கணும்?... சரி, சரி.

ஹலோ... நான்தான்... ஞானாம்பாதான், வேற யாரு கூப்புடப் போறா ஒங்கள?... பதறாதீங்க. யாருக்கும் ஒண்ணும் இல்ல... நல்லாத்தான் இருக்கேன்... நூருல் அமீன் பாய் அரிசிக் கடைலேருந்து பேசறேன். காலைல டிரங்க் கால் போட்டுட்டு அரிசி மூட்டை மேல குந்திக்கிட்டிருக்கேன், இப்பத்தான் சிதம்பரம் எக்ஸ்சேஞ்சுக்காரங்க லைன் குடுத்தாங்க... அதான் சொல்லப் போறேனே, சொல்ல வுடுங்களேன்.

பருப்பு வெந்துடுச்சிங்க.

... பருப்பு. தொவரம்பருப்பு... ஆமா, இதுக்குத்தான் போன் பண்ணேன். சிரிக்காதீங்க... இந்த வூட்டுக் கொழாத் தண்ணில பருப்பு என்னிக்கு வெந்துருக்கு? சோடா உப்பப் போட்டு, வெறகெல்லாம் தீந்து, கடசில முழுசு முழுசா கெடக்கும்... ஆமா ஆமா. சோப்பு நொரைக்காது. வெந்நி வச்சா குண்டான் அடில வெள்ள வெள்ளயா ஒட்டிக்கிட்டு சொரண்டுனாலும் வராது. தல சிக்குப் புடிச்சி சீப்பு பல்லு ஒடையும். அந்தக் கொழாதாங்க.

இப்ப நாலஞ்சு நாளா, பருப்ப ஒலைல போட்டு அந்தாண்ட திரும்பறதுக்குள்ள மலந்து கெடக்குது. சோப்பு ஒரே நொரை. தெருவுல எல்லாருக்கும் குஷி. பக்கத்து வூட்டு சௌந்தரம் இருக்காளே, மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டான்னு கொழாயடில கற்பூரமே ஏத்திட்டா.

நான் ஒரு வாய் ஊத்திப் பாத்தேன்.

... கேக்குதா?

அது எந்தத் தண்ணின்னு எனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆயி வந்த நாள்லேருந்து அதத்தான குடிச்சேன். குடிச்ச பொறவு நாக்குல கொஞ்சம் இனிப்பு நிக்கும்... நம்ம தோட்டத்துக் கெணத்துத் தண்ணிங்க அது. நம்ம புள்ள பொன்னி வுழுந்த கெணத்துத் தண்ணி.

... நெனப்பு இல்லீங்க. சும்மா சொல்லல. பஞ்சாயத்து டேங்குக்கு மோட்டார் போடறானே கொளஞ்சியப்பன், அவனப் புடிச்சிக் கேட்டேன். கேட்டதும் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டான். கோடைல போர் தண்ணி வாயில வைக்க முடியாம உப்பாயிடுச்சாம், அதனால நம்ம கெணத்துல மோட்டார எறக்கி டேங்குக்கு ஏத்தறாங்களாம். டேய், பூசாரிய வச்சி பரிகாரம் பண்ணி கருங்கல்லுப் போட்டு மூடுன கெணறுடா அது, யாரக் கேட்டுடா கல்லத் தூக்குனீங்கன்னேன். அய்யாவக் கேட்டுத்தாம்மாங்கறான்.

எந்த அய்யா?

... சொல்லுங்க... எந்த அய்யாங்க?

... அப்ப நீங்கதான்.

... கத்தல. நான் கத்தல... கடைல பாத்தா பாக்கட்டும்! இந்த வூட்ட எதுக்குப் புடிச்சீங்க? அத மொதல்ல சொல்லுங்க. தோட்டத்து வூட்டப் பூட்டிட்டு, தெருத் தெருவா அலஞ்சி, கெணறு இல்லாத வூடாப் பாத்து வாடகைக்குப் புடிச்சீங்க. ஞானா கண்ணுல கெணறே படக் கூடாதுன்னு... இப்ப அதக் கொழா வழியா அடுப்படிக்கே கொண்டாந்து வுட்டுட்டீங்களே.

... ஒங்களுக்கு என்னா தெரியும்? நீங்க அங்க இருக்கீங்க. கொழாயத் தொறந்தா மொதல்ல தண்ணி வரலீங்க, காத்துதான் வருது. புள்ள ஓடி வந்து நின்னு மூச்சு வாங்குமே, அந்த மாதிரி. அப்பறந்தான் தண்ணி... எனக்கு மூட கை வரல. வூட்டுல ஒரு குண்டான் பாக்கியில்ல. அண்டா, தவல, உப்பு ஜாடி வரைக்கும் கழுவிட்டு ரொப்பி வச்சிருக்கேன். பாத்திரம் அலம்புன தண்ணியக் கூட சாக்கடைல கொட்ட மனசு வரல... ஆமா, பைத்தியந்தான். சௌந்தரமும் அப்பிடித்தான் சொல்றா.

எதுத்த வூட்டு லூர்துசாமி காலைல வாய் கொப்புளிச்சித் தெருவுல துப்பறான். அவன் என்னா பண்ணுவான், பாவம், பல்லு வெளக்கறான். ஆனா எனக்குக் கல்லத் தூக்கி அடிக்கலாமான்னு வருது. எரும மாட்டக் கழுவறாங்க. காலக் கழுவறாங்க. எம்புள்ளைய ஊரே மிதிக்கற மாதிரி இருக்குங்க. நிறுத்தச் சொல்லுங்க. ஒங்க வாயால சரின்னீங்கல்ல, ஒங்க வாயாலயே நிறுத்தச் சொல்லுங்க. அதுக்குத்தான் போன் பண்ணேன். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்.

... என்னா?... சத்தமா சொல்லுங்க, கொர்ருங்குது...

... கல்லா? கெணத்து மேல போட்ட கல்லா?... நெஞ்சு மேலயா...

... உம்... உம்...

... எப்பலேருந்து?... மூடுன நாள்லேருந்தா?

எங்கிட்ட ஏன் சொல்லல? படுத்தா அந்தக் கருங்கல்லு நெஞ்சு மேல வந்து ஒக்காருதுன்னு ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லக் கூடாதா?... புள்ள இன்னும் உள்ள இருக்கற மாதிரி... தொறங்கப்பாங்கற மாதிரி... அய்யோ. எனக்கு மட்டுந்தான் அப்பிடின்னு இருந்தேங்க. வெளில சொன்னா வேப்பெல அடிக்கக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்கன்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்... அழாதீங்க. மண்டில நாலு பேரு இருப்பாங்க... சரி, அழுவுங்க. இருந்தா இருக்கட்டும்.

... அதான் தூக்கச் சொன்னீங்களா... காத்து படட்டும்னு... உம்...

... வந்தீங்களா? இங்கயா? கல்ல எடுக்கும்போது கூட நின்னீங்களா?... அப்ப வூட்டுக்கு ஏன் வரல? புவனகிரி வரைக்கும் வந்துட்டு எம்மூஞ்சப் பாக்காம பஸ் ஏறிட்டீங்க. என்னா மனுஷனுங்க நீங்க...

... தண்ணியக் குடிச்சிப் பாத்தீங்களா?... குடிக்கல. நெனச்சேன்.

பாய், பேசிக்கறேன், நீங்க யாவாரத்தப் பாருங்க.

கேளுங்க. இத நானும் இத்தினி நாளா சொன்னதில்ல, நீங்களும் வாயத் தொறந்ததில்ல. அன்னிக்கு மல்லாட்டைக்குக் களை வெட்டிட்டு வந்து நீங்க தண்ணி கேட்டீங்க. பொன்னி சொம்ப எடுத்துக்கிட்டு, நான் மோந்தாரேம்ப்பான்னு ஓடுனா... இருங்க, சொல்லி முடிச்சிடறேன்... திரும்பி வரல. அதுலேருந்து எங்கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கீங்களா நீங்க? வருவீங்க, சாமான் வாங்கிப் போடுவீங்க. சாப்புடும்போது விக்கல் எடுத்தாக் கூட எழுந்து சோடாக் கடைக்குப் போவீங்க. பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். மொதல்ல எம்மேல கோவம்னு நெனச்சேன்... அப்பறந்தான் புரிஞ்சிது. தண்ணின்னு கேக்கவே பயந்துட்டீங்க.

தாகம் எடுத்தா மனுஷன் தண்ணி கேக்கறதுதாங்க. பெத்த புள்ளகிட்ட கேக்காம வேற யாருகிட்ட கேப்பாங்க?

... யாரும்மா? டிரங்க் ஆபீசா? நேரம் ஆயிடுச்சா?... வெட்டிடாதம்மா, ஒனக்குப் புண்ணியமாப் போவும், இன்னும் ரெண்டு வார்த்த...

இருக்கீங்களா?... நிறுத்த வேணாம். கேக்குதா? தண்ணி வரட்டும். அந்த உப்புத் தண்ணியக் குடிச்சி சௌந்தரத்தோட கைப்புள்ள வயித்தால போய்க்கிட்டே கெடந்துது, இப்பத் தேவலையாம். குடிக்கட்டும். துப்பறவன் துப்பட்டும்.

நீங்க நாளைக்கு வாங்க... வேல கெடக்கட்டும்... சாப்புட வேணாம், தங்க வேணாம். வாசல்ல நின்னு, ஞானா, தண்ணி கொண்டான்னு கேளுங்க. வாயத் தொறந்து கேக்கணும்... பயப்படாதீங்க. நான் சொம்ப எடுத்துக்கிட்டுக் கொழாயடிக்குத்தான் போவேன். நீங்க பாத்துக்கிட்டே நில்லுங்க... நான் திரும்பி வருவேங்க. தண்ணியோட திரும்பி வந்து ஒங்க கையில... ஹலோ?... ஹலோ... கேட்டுதாங்க?... ஹலோ...