நாற்பத்தாறாம் நம்பர் கம்பம்

அட, உக்காருங்க சார். அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ஏணிய எதுக்கு ஆபீஸ் மாடி வரைக்கும் தூக்கிட்டு வந்தீங்க? சரி, பரவால்ல, சுவத்துல சாச்சு வைங்க.

எதுக்குக் கூப்பிட்டேன்னு தெரியுமா? தெரியாதா? நாற்பத்தாறாம் நம்பர் கம்பம் சார். ம், இப்ப முகம் போற போக்கப் பாருங்க.

முதல்ல என் பொழப்பச் சொல்லிடறேன், அப்பத்தான் என் மேல கொஞ்சம் இரக்கம் வரும். ஒரு கம்பம் சாய்ஞ்சா பக்கத்துலயே புதுசு நட்டுடறாங்க. பழசு உடனே போயிடுமா? அதான் போகாது. அதுல நாலு பேர் குடியிருக்காங்க. உச்சியில கரண்டு, கீழ டெலிபோன், அப்புறம் இன்டர்நெட், கடைசியா உங்க கேபிள் டிவி. மேல இருக்கறவர் தன் வயரப் புதுசுக்கு மாத்தினாத்தான் அடுத்தவர் முறை. கடைசி ஆள் மாத்தினாத்தான் பழசப் பிடுங்கலாம். டெலிபோன்காரரக் கேட்டா கரண்டுக்காரர் இன்னும் முடிக்கலம்பாரு, கரண்டுக்காரர் அது எந்தத் தெருன்னு நம்மளயே கேப்பாரு. யார் முறைன்னு பாத்து, போன் பண்ணி, கெஞ்சி, திட்டி, நிலுவையக் குறைக்கணும். நான் இந்த சீட்டுக்கு வந்தப்ப இருநூத்தி முப்பது ஜோடிக் கம்பம் நின்னுச்சு. இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு. எங்க மேனேஜர் கேக் வெட்டணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. உங்களாலதான் கத்தி மேஜை டிராயர்லயே கிடக்கு.

சேச்சே, உங்கள யாரு சோம்பேறின்னு சொன்னா? அதே தெருவுல நாற்பத்தஞ்சையும் நாற்பத்தேழையும் ஒரே காலையில முடிச்சீங்க. கால் மணி நேர வேலை. நடுவுல இருக்கற இதுக்கு மட்டும் ஏழு மாசமா பதினாலு தடவ போயிருக்கீங்க. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள முடியலன்னா, உங்க கம்பெனிக்கு எழுதி இந்த ஏரியாவ விட்டே உங்கள மாத்த வெக்கறேன்னு மேனேஜர் குதிக்கறாரு. சும்மா மிரட்டறதுக்கு இல்ல, லெட்டரே ரெடி. நான்தான் டைப் அடிச்சேன்.

நீங்க எழுதின காரணத்தையெல்லாம் கொஞ்சம் படிக்கவா? முதல் தடவ, மழை. அன்னிக்குக் காலையில துணி காயப்போட்டுட்டு ஆபீஸ் வந்தேன் சார், சாயங்காலம் மொறுமொறுன்னு காஞ்சு கெடந்துச்சு. அடுத்தது, ஏணி எட்டல. பக்கத்துக் கம்பத்துக்கு எட்டின ஏணி, அதே உசரம். அப்புறம் வயரப் பிடிக்கற கிளாம்பு சைஸ் சரியில்ல. சரி, அது நடக்கும். அப்புறம் காக்கா கூடு. முட்டை இருக்கு, குஞ்சு பொரிக்கட்டும்னு எழுதியிருக்கீங்க. நல்ல மனசு. ஆனா நாலு மாசமா விடாம அடை காக்கற காக்காவ நான் எங்கயும் பாத்ததில்ல. இதுக்கு அந்தக் கம்பத்தடி வீட்டுக்காரம்மா கைப்பட ஒரு லெட்டர் வேற. அவசரம் எதுவும் இல்ல, மெதுவாவே செய்யட்டும்னு.

சிரிக்காதீங்க, நான் கோவமா இருக்கேன்.

இப்படிக் காரணம் எழுதினா அந்த வேலை பட்டியல்ல கடைசிக்குப் போயிடும், ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி தலை தூக்கும். ஆனா கடைசிக்குத் தானாப் போகாது. யாராவது காரணத்த ஒத்துக்கிட்டு கம்ப்யூட்டர்ல பட்டன் அமுக்கணும். யாரா? நாந்தான். மழைக்கும் அமுக்கினேன், காக்காவுக்கும் அமுக்கினேன். தப்புதான், மேனேஜருக்குத் தெரிஞ்சா என் சீட்டு கிழிஞ்சிடும்.

ஏன் அமுக்கினேன்னா, இந்த லெட்டர்ல இருக்கற கையெழுத்துலதான் என் ஸ்கூல் நோட்டு அட்டையிலெல்லாம் என் பேர் எழுதியிருக்கும். எங்க அக்கா எழுத்து. ஆமா சார், அது எங்க வீடு. நீங்க பகல்ல வர்றீங்க, நான் பகல்ல இங்க இருக்கேன், எப்படிப் பாத்திருப்பீங்க? தண்ணி குடிங்க.

வாசல்ல இருந்த ரோஜாத் தொட்டிய ஒரு அங்குலம் நகத்த விட மாட்டா. ஸ்கூட்டர் வைக்க இடம் கேட்டதுக்கு ரெண்டு நாள் என்னோட பேசல. இப்ப உங்க ஏணி நிக்க வசதியா அவளே தள்ளி வெச்சிருக்கா. நீங்க வந்துட்டுப் போன அன்னிக்குச் சாயங்காலம் பாத்தா, கழுவிக் கவுத்த டம்ளர் ரெண்டு இருக்கும். பாடிக்கிட்டே தையல் மெஷின மிதிப்பா. கேக்கச் சகிக்காது, இருந்தாலும் நான் ஒண்ணும் சொல்றதில்ல.

அம்மா அப்பா போனப்ப எனக்கு ஒம்பது வயசு, அவளுக்கு இருபத்திரெண்டு. என்னைப் படிக்க வெச்சு, இந்த வேலையில உக்கார வெச்சு நிமிர்றதுக்குள்ள அவளுக்கு நாற்பதாயிடுச்சு. அது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு சார். அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். நான் போயிட்டா அந்த வீட்டுல மெஷின் சத்தம் மட்டுந்தான் இருக்கும். அத நெனச்சா எனக்குக் கல்யாணமே கசக்குது.

உங்களப் பத்தியும் விசாரிச்சுட்டேன். தனிக்கட்டை. ஒரே கெட்ட பழக்கம், பொய்க் காரணம் எழுதறது. ஏணி மேல நின்னுக்கிட்டு இன்னிக்கு வெயில் ஜாஸ்தி, நேத்து வெயில் கம்மின்னே ஏழு மாசத்த ஓட்டிட்டீங்களாமே? அவளே போன வாரம் வாய் விட்டுட்டா. இந்த மனுஷன் வயரையும் மாத்த மாட்டேங்கறாரு, வாயையும் தொறக்க மாட்டேங்கறாருன்னு.

பாருங்க, வேலை உத்தரவு இது. வெள்ளிக்கிழமை காலையில பத்து மணி. நான் வீட்டுல இருக்க மாட்டேன். வயர் மாத்த கால் மணி நேரம். அப்புறம் ஏணிய மடிச்சு வெச்சிட்டு, தரையில நின்னு பேசுங்க. வெயில்ங்கற வார்த்தையே வரக்கூடாது. இந்தத் தடவ காரணம் எழுதினா நான் பட்டன் அமுக்க மாட்டேன், சொல்லிட்டேன்.

இந்தாங்க பேனா. மூடியக் கழட்டிட்டு எழுதுங்க. இங்க, இந்தக் கட்டத்துக்குள்ள ஒரு கையெழுத்து போடுங்க மாமா.