வெள்ளைக்காரன் பந்தடித்த புல்தரை

"படுங்கோ! படுங்கோ!"

நேர்ஸ் பிள்ளை கத்துகிறாள். படுக்க இடமில்லை. நிலமெல்லாம் காயக்காரர். தூரத்தில் ஷெல் 'டும்' என்று எழும்புகிறது. பிறகு கூவல். பிறகு கூவல் நிற்கிறது. நின்றால் தலைக்கு மேலே என்று அர்த்தம். மகளின் மேல் விழுகிறேன். அவளுக்கு நாலு வயது.

மாசி மாதம். செவ்வாய்க்கிழமை. விடிந்து கொஞ்ச நேரம்.

அது வன்னியில் ஒரு தென்னந்தோட்டத்துப் பங்களா. இங்கிலாந்திலிருந்து வந்த துரை ஒருவன் கட்டியது. முன்னால் புல்தரை. அதில் பந்தடித்தானாம். அவன் போன பிறகு ஒரு முதலாளி வாங்கினார். துரை படுத்த அறையில் கொப்பரா அடுக்கினார். பிறகு இயக்கப் பெடியள் எடுத்தார்கள். மேசை போட்டுக் கந்தோர் வைத்தார்கள். கடைசியில் ஆஸ்பத்திரி.

வெளியே பதுங்குகுழி இருந்தது. ஆனாலும் சனம் பங்களாவுக்குள்ளேதான் வந்தது. சுவர் இரண்டு முழத் தடிப்பு. வெள்ளைக்காரன் கட்டியது என்றால் எங்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. முதல் நாள் என் வீட்டுக்காரர் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இஞ்ச வாறதெண்டா ஷெல்லும் கதவைத் தட்டிப்போட்டுத்தான் வரவேணும்."

"உங்கட வாயைக் கொஞ்சம் மூடுங்கோ," என்றேன்.

காயக்காரரும் சிரித்தார்கள்.

சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஷெல் கூரையால் வந்தது.

எழும்பினேன். காது அடைத்திருந்தது. மகளுக்கு உயிர் இருந்தது. வீட்டுக்காரர் எங்கள் மூத்த மகனைக் கட்டிப் பிடித்தபடி கிடந்தார். இரண்டு பேருக்கும் மூச்சில்லை. எரிக்க விறகில்லை. நேரமும் இல்லை. புல்தரையில் குழி வெட்டினோம். இருவருக்கும் ஒரே குழி. மூடினோம். ஓடினோம்.

இப்போது சுவிஸில், டாவோஸ். ஹோட்டல் குசினி. கோப்பை கழுவுகிறேன். இந்த ஹோட்டலும் முந்தி காசநோய்க்காரரின் ஆஸ்பத்திரிதான். படிக்கட்டுச் சுவரில் படங்கள் இருக்கின்றன. போர்வைக்குள் படுத்திருந்து இருமினவர்கள். ஒருவரையும் மறைக்கவில்லை.

என் அகதி பெர்மிட்டோடு ஊருக்குப் போக ஏலாது. மகளுக்குச் சிவப்புச் சுவிஸ் பாஸ்போர்ட். லோசானில் வேலை. போன மாசி அவள் ஊருக்குப் போனாள். ஒன்றே ஒன்று கேட்டேன். அந்த இடத்தில் அப்பாவுக்கும் அண்ணாவுக்கும் ஒரு படையல். அங்கே இதுவரை ஒரு பிடி சோறு வைக்கவில்லை.

சண்டை முடிந்த பின் அந்தப் பங்களா ஆமி முகாமாக இருந்ததாம். இப்போது அதுவும் ஹோட்டல். தங்குகிறவர்களுக்கு மட்டும்தான் கேட் திறக்குமாம். மகள் அறை எடுத்தாள். எனக்குப் போன் எடுத்தாள்.

"அம்மா, வாசலில படம் மாட்டியிருக்கு. துரை, குதிரை, நாய். அடுத்த படம் ஹோட்டல் திறப்பு விழா."

"ஆஸ்பத்திரி?"

"இல்லை."

"புல்தரை எங்க?"

அவள் வெளியே நடக்கிற சத்தம் கேட்டது.

"சொல்லு பிள்ளை."

"நீச்சல் குளம், அம்மா."

சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, வடை. கடையில் வாங்கி வைத்திருந்தாள். குளத்து ஓரத்தில் வாழையிலையை விரித்தாள். வேலைக்காரர் ஒருவர் ஓடி வந்தார். போனில் எனக்கும் கேட்டது.

"தங்கச்சி! தங்கச்சி! குளத்தடிக்குச் சாப்பாடு கொண்டு வரக்கூடாது!"

"எங்கட அப்பாவுக்கும் அண்ணாவுக்கும்," என்றாள் மகள். "இதுக்குள்ளதான் தாட்டது."



"விளங்குது, தங்கச்சி. ஆனா எடுங்கோ. மனேச்சர் கண்டா என்ர வேலை போயிடும்."

மகள் இலையை மடித்தாள். அவரில் பிழை இல்லை.

இழந்ததைச் சொல்கிறேன். வீட்டுக்காரர், வயது முப்பத்தாறு. மூத்தவன், வயது ஏழு. அதே அறையில் இன்னும் ஒன்பது பேர். நேர்ஸ் பிள்ளையும் அதில் ஒருத்தி. அவள் பெயர் தெரியாது. ஒரு கல்வீடு. இரண்டு பசு. குளம் வெட்டினபோது அள்ளின மண். அதை எங்கே கொட்டினார்கள் என்று மகள் கேட்டாள். அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.