போகாத மெசேஜ்

...நனைஞ்ச போனை அரிசிக்குள்ள வைக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன் தம்பி, கேட்டாரா? எங்க வீட்டுக்காரர் என் பேச்சைக் கேட்டுட்டா அன்னிக்கு மழையே வந்துடும்! அரிசி டின்னுக்குள்ள அதைப் புதைச்சு, மூடியைப் போட்டு, "ரெண்டு நாளைக்கு யாரும் தொடக்கூடாது"ன்னு பக்கத்துலயே காவல் வேற. ரெண்டு நாளும் வீட்டுல சோறு கிடையாது, வெறும் ரொட்டி. கடைசியில என்னாச்சு? சார்ஜ் போடற ஓட்டைக்குள்ள நொய்யரிசி போய் மாட்டிக்கிச்சு. அதோ... நீங்க ஊசியால நெம்பறீங்களே, அதேதான்.

மெதுவா, மெதுவா! எதிர்வீட்டம்மா சும்மா இருக்காம முடி காயவைக்கற மெஷினைக் கொண்டுவந்து சூடு காட்டுனாங்க. பின்பக்கம் வளைஞ்சதுதான் மிச்சம். பையன் வெளியூர்லேர்ந்து கூப்பிட்டு, "ஆன் பண்ணாதீங்க, ஆட்டாதீங்க"ங்கறான். அதுக்குள்ள இவர் நாலு தடவை ஆன் பண்ணி, மருந்து பாட்டில் மாதிரி குலுக்கியும் பார்த்தாச்சு. இன்னிக்கு அவரே கடைக்குக் கொண்டு போறேன்னாரு. நான் விடுவேனா?

எப்படி விழுந்துச்சா? துணி அலசிட்டிருந்தேன், வழுக்கிடுச்சு... ஏன் அப்படிப் பார்க்கறீங்க? வழுக்காதா?

சரி, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. அவரோட அக்கா கண் ஆபரேஷனுக்கு வர்றாங்க. ஒரு மாசம் எங்க வீட்டுலதான். நல்லவங்கதான், இல்லேங்கல. என் பிரசவத்தப்போ மூணு மாசம் எனக்கு ஆக்கிப் போட்டதே அவங்கதான். ஆனா சமையக்கட்டுல நுழைஞ்சாங்கன்னா டப்பா ஒண்ணு விடாம இடம் மாறிடும்! என் வீட்டு உப்பை நான் அவங்களைக் கேட்டு எடுக்கணும். அந்தக் கடுப்புல என் தங்கச்சிக்கு எழுதினேன்: "மகாராணி வர்றாங்க. கண்ணுதான் தெரியாதாம், என் வீட்டுக் குறை மட்டும் பளிச்சுனு தெரியும்."

அனுப்பிட்டுப் பார்த்தா... அது தங்கச்சி இல்ல தம்பி. குடும்பம் மொத்தமும் இருக்கற குரூப்பு!

துணி துவைக்கற இடத்துல சிக்னல் வராது. மெசேஜ் பக்கத்துல அந்தக் குட்டிக் கடிகாரம் நிக்குது. இன்னும் போகலன்னு அர்த்தமாம்ல? எப்படி அழிக்கறதுன்னு தெரியல. யாரைக் கேப்பேன், இவரையா? எதிர்ல பக்கெட்டு... முக்கிட்டேன். ஆமா, நானேதான்! முழுசா அஞ்சு நிமிஷம் அமுக்கிப் பிடிச்சேன். அந்த மனுஷன் பாவம், அது தெரியாம ராத்திரி எழுந்து எழுந்து டின்னைப் பார்த்தாரு. எனக்கே வெக்கமாப் போச்சு.

அதான் சிம்மைக் கழட்டிக் கையில வெச்சிருக்கேன். சிம்மு இல்லாம மெசேஜ் எப்படிப் போகும்? உயிர் வந்ததும் அதை மட்டும் அழிச்சுக் குடுத்துடுங்க. நாளைக்குக் காலையில அக்கா வந்து இறங்கறாங்க.

ஆ, வெளிச்சம் வருது! கைராசிக்காரர் தம்பி நீங்க! நல்லா இருப்பீங்க! குரூப்பைத் திறங்க. அதான், கடைசில இருக்கறது. அழிங்க, சீக்கிரம்... கடிகாரம் எங்க? டிக்கு விழுந்திருக்கா? சிம்மு இதோ என் கையில இருக்கே! வைஃபையா? எந்த வைஃபை? உங்க கடையோடதா?

ஐயையோ... போன வாரம் நீங்க இந்த ஸ்க்ரீனுக்குக் கண்ணாடி ஒட்டிக் குடுத்தப்ப, சீரியல் முடிஞ்சுடும்னு உங்களை நச்சரிச்சு பாஸ்வேர்டைப் போட வெச்சது நான்தானே!

என்னது, அக்கா டைப் பண்றாங்கன்னு காட்டுதா?

தம்பி, அந்தத் தண்ணி பாட்டிலை இப்படித் தள்ளுங்க. குடிக்கறதுக்கில்ல.