வலிக்காத குண்டு

ஒரு கையெழுத்து போடுறதுக்கு என்னக்கா இவ்ளோ யோசன? கீழ் மாடி அம்புரோஸ் அங்கிள் கண்ணாடி கூட தேடல, அப்படியே போட்டுக் குடுத்தாரு! நீங்க மூணாவது தடவ படிக்கிறீங்க. சரி, குடி வந்து ரெண்டு வாரந்தான ஆகுது, படிங்க லா. நா பெர்னிஸ், எதுத்த வீடு. யூனில சட்டம் படிக்கிறேன், அதான் பெட்டிசன் நாலு பக்கம் போயிடுச்சு.

விசயம் சின்னதுதான். இந்த மாடியில யாரோ குரங்குக்குத் தீனி போடுறாங்க. யாரோ என்ன யாரோ... கடைசி வீட்டு ஜெயமாலா ஆன்டி! அஞ்சு மணிக்கு மேனேஜ்மென்ட் மீட்டிங். பத்து கையெழுத்து இருந்தா அவங்க வீட்டு ஓனருக்கு லெட்டர் போகும், ஆன்டி வீட்டக் காலி பண்ணணும். ஒம்போது வாங்கிட்டேன். நீங்க பத்து.

பாவமா? எனக்கு மட்டும் பாவமா இல்லையா! எழுவது வயசு, தனி ஆளு... ஆனா உங்க ரோத்தி பாக்கெட்ட, முழு பிரட்டு, யாரு தூக்கிட்டுப் போனா? உங்க நைட்டி இன்னும் அந்த லைட்டு கம்பத்துல தொங்குது, பாத்தீங்கதான? நேர்லயே கேட்டேன்க்கா. "நான் காகத்துக்கு மட்டுந்தான் சோறு வைக்கிறனான், பிள்ளை"ங்கிறாங்க. காகத்துக்குன்னு வச்சா குரங்கு என்ன, பாத்துட்டு கும்பிட்டுப் போயிடுமா?

நா ஒன்னும் எடுத்ததும் பெட்டிசனத் தூக்கல. மொதல்ல நானே வெரட்டிப் பாத்தேன். உண்டிவில்லு செஞ்சேன்க்கா! லாஸ்திக், லாஸ்திக்ம்பாங்களே, அதான். ஏன், பொண்ணு செய்யக் கூடாதா? வீடியோல எல்லாம் மீச வச்ச ஆம்பளைங்கதான் சொல்லிக் குடுக்குறானுங்க. கார் பார்க் கொய்யா மரத்துல ஒரு கவட்ட, நிழல்ல காய வச்சு தோல் சீவினேன். ரப்பர்தான் என்னைப் படுத்தி எடுத்துடுச்சு. சைக்கிள் டியூப் இழுத்தேன், கை வலிச்சதுதான் மிச்சம். நாசி லெமாக் சோத்துப் பொட்டலத்து ரப்பர் பேண்ட சங்கிலியா கோத்தேன், மூக்குலயே அடிச்சுது! கடைசியா பார்மசில முட்டி வலிக்கு இழுத்துப் பழக விக்கிறான்ல, ரப்பர் பட்டையா, மஞ்சக் கலர்ல... அதான் இழுக்க லேசு. கவட்ட பக்கம் அகலமா, குண்டு வைக்கிற தோல் பக்கம் ஒடுக்கமா வெட்டணும். அப்பதான் சும்மா விர்ருன்னு போகும்.

ஆனா குண்டுதான்க்கா மேட்டர். இரும்பு உருண்டன்னா குரங்கு மண்ட ஒடைஞ்சிடும். கோலின்னா யாரோட கார் கண்ணாடியோ. களிமண்ண உருட்டி கோரிடோர்ல காய வச்சேன், மழ வந்து கொழம்பாயிடுச்சு. நா மிருகவதைய எதுத்து டிபேட்ல கப் வாங்கினவ! வலிக்கவும் கூடாது, பயமும் வரணும். யோசிச்சு யோசிச்சு... கொண்டக்கடல! ராத்திரி ஊற வச்சு, அர வேக்காடா வேக வச்சு. கெட்டுப் போகக் கூடாதுன்னு கொஞ்சம் உப்பு. என் தொடையிலயே அடிச்சுப் பாத்தேன், எறும்பு கடிச்ச மாதிரி கூட இல்ல.

ஏன் சிரிக்கிறீங்க?

மொத நாள் ஓடுச்சுங்க, சத்தியமா. மறுநாள் ஒன்னு மட்டும் உக்காந்து பாத்துச்சு. அதுக்கப்புறம் பயமே போச்சு! நா லாஸ்திக்க எடுத்தா வரிசையா உக்காருதுங்க. ஒரு குட்டி கைய வேற நீட்டுது. அவ்ளோ திமிரு! எல்லாம் அந்த ஆன்டி குடுக்குற செல்லம்.

எப்பலேருந்தா? முன்ன ஒன்னு ரெண்டு எட்டிப் பாக்கும். பட்டாளமா வர்றது இந்த ஒரு மாசமா. லாஸ்திக்கா? அதுவும்... ஒரு மாசம் இருக்கும். அதுக்கும் இதுக்கும் என்னக்கா? எத்தன மணிக்கா? கரெக்டா மூணரைக்கு. கிளாஸ் முடிஞ்சு நா வர்ற நேரம். சனி ஞாயிறு வராதுங்க. எனக்கு எப்படித் தெரியும்ங்கிறீங்களா? நா பாத்ததில்ல, அம்மா சொன்னாங்க. நாந்தான் கிள்ளான்ல சித்தி வீட்டுக்குப் போயிடுவனே...

அக்கா, நீங்க என்ன, கோர்ட்ல மாதிரி கேள்வி கேக்குறீங்க?

இருங்க, சத்தம் கேக்குதா? வந்துடுச்சுங்க! கதவ லேசா சாத்திக்கிட்டுப் பாருங்க, இப்ப நேரா ஆன்டி வீட்டுக்குத்தான் போகும். கண்ணால பாத்துட்டு கையெழுத்து போடுங்க. பாருங்க... ஆன்டி வீட்டு வாசல்... தாண்டிடுச்சு. திரும்பிக் கூட பாக்கல. பாருங்க, அங்க கிண்ணத்துல சோறு அப்படியே இருக்கு, காக்கா கொத்துது. அப்ப இதுங்க எங்க...

என் வீடு.

என் வீட்டு கிரில்லப் புடிச்சு ஆட்டுதுக்கா. அந்தக் குட்டி கைய நீட்டுது...

...கொண்டக்கடல. உப்பு போட்டு.

ஐயோ. அக்கா, அந்தப் பேப்பரக் குடுங்க. இல்ல, கிழிக்காதீங்க, ஒம்போது பேரும் அதுலதான் இருக்காங்க, ஒவ்வொரு வீடா போயி தீனி போட்டது நாந்தான்னு சொல்லி அவங்க கையெழுத்த அடிச்சு விடணும். அஞ்சு மணிக்குள்ள! ஆனா மொதல்ல ஆன்டி... நேத்து அவங்கள நிக்க வச்சு அர மணி நேரம் பேசினேன்க்கா. கதவச் சாத்துறப்ப "கவனமா போங்க, பிள்ளை"ன்னு சொன்னாங்க.

நீங்களும் கூட வாங்களேன். ப்ளீஸ்க்கா. வந்து... நீங்க பேசுங்க. எனக்கு வாயே வர மாட்டேங்குது.