ரம்பாய் டின் வாங்கியவர்கள்

— அண்ணே, மெதுவா சுத்துங்க. பழைய பேப்பர படம் எடுத்து வச்ச பிலிம் அறுந்துச்சுன்னா அந்த லைப்ரரி லேடி நம்மள மறுபடி உள்ள விடமாட்டாங்க.

— மெதுவாத்தான் சுத்துறேன் பிரிஜட். ஷேர் பக்கத்த தேடுனா குதிரைப் பந்தயம் வருது. எழுத்தா இது? எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.

— தள்ளுங்க, நா பாக்குறேன். அதுக்குத்தானே எங்க வீட்டுக்காரரு என்னயும் அனுப்பினாரு. உன் அண்ணன் மட்டும் பாத்துட்டு வந்து சொன்னா நம்பமாட்டேன்னுட்டாரு.

— சொல்லட்டும். சிலுவைராஜ் சொல்லாதது இனி என்ன இருக்கு? மச்சான்னும் பாக்காம, பிடோக்குல உங்க அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழ நாலு பேரு முன்னால, என் காச தின்னுட்டியேன்னு கேட்டாரு.

— துறைமுகத்துல ஓவர்டைம் செஞ்சு சேத்த காசுண்ணே. கோவம் வராதா?

— கேளு, நா ரெமிசியர். ஷேர் வாங்கித் தரச் சொன்னா வாங்கித் தர்றதுதான் என் வேல. கமிஷன் தவிர ஒரு காசு தொடல. அந்த வெள்ளீயச் சுரங்கக் கம்பெனி, ரம்பாய் டின், ஏறுச்சு. ஏறுதுன்னு சொன்னேன். ஊரே வாங்குச்சு. அப்புறம் டிசம்பர்ல சிங்கப்பூர் எக்ஸ்சேஞ்சையே மூணு நாள் மூடுனாங்க. தொறந்தப்ப அத கேக்க நாதியில்ல. நம்ம கோயில்ல என்னமோ நா மட்டுந்தான் எல்லாரையும் குழியில தள்ளுன மாதிரி பேசுறாங்க. இப்ப பூசைக்குப் போனா என் பெஞ்சுல ஒருத்தரும் உக்கார்றதில்ல.

— அதுக்கு இந்தக் கணக்கு எப்படி உதவும்? அத நீங்க சரியா சொல்லவே இல்ல.

— ஒவ்வொரு நாளும் எத்தன ஷேர் கை மாறுச்சுன்னு பேப்பர்ல போடுவான். லட்சக்கணக்குல மாறியிருந்தா வாங்குனது நம்ம ஆளுங்க மட்டும் இல்லன்னு ஆகுதுல்ல? எல்லாருக்கும் விழுந்த அடிதான்னு காட்டிடலாம்.

— எக்ஸ்சேஞ்சுலயே கேட்டிருக்கலாமே லா.

— கேக்காம இருப்பேனா? போன வருஷத்துது கவுண்டர்ல கிடைக்காது, எழுதிக் குடுங்கன்னாங்க. எழுதிக் குடுத்தா, எந்தக் கம்பெனி சார்பா கேக்குறீங்கன்னு பதில் வருது. எங்க கம்பெனிக்குத்தான் சீல் வச்சாச்சே. பத்திரிகை ஆபீஸ்ல அவ்வளவு பழசு விக்கிறதில்லையாம். சிராங்கூன் ரோட்டுல நெய்னா முகம்மது கடையில கட்டுக் கட்டா பழைய பேப்பர் கிடக்குமேன்னு ஓடுனேன். எல்லாத்துலயும் வடை மடிச்சுக் குடுத்தாச்சு தம்பின்றாரு.

— நிறுத்துங்க. ஷேர் பக்கம் இதான். ஆகஸ்டு பதினாலாம் தேதி வியாபாரம், நாங்க வாங்குன நாளு.

— கீழ சுரங்கக் கம்பெனியெல்லாம் இருக்கும், பாரு.

— இருக்கு. ரம்பாய் டின், விலை ஒரு வெள்ளி எழுபது காசு. பக்கத்துல அஞ்சுன்னு இருக்கு.

— அந்தப் பத்தியில எல்லாமே ஆயிரக் கணக்கு. அஞ்சா? நல்லாப் பாரு, ஐந்நூறா இருக்கும்.

— அஞ்சேதான். அஞ்சாயிரம். நாங்க வாங்குனதே அஞ்சாயிரந்தானே?

— அச்சுப் பிழை. அடுத்த நாள பாரு.

— வெறும் கோடு. அதுக்கு அடுத்த நாளும் கோடு. கோடுன்னா என்னண்ணே?

— அன்னிக்கு யாரும் வாங்கல. அப்படிச் சில நாள் இருக்கும். செப்டம்பருக்குப் போ. மாதா பெருநாளுக்கு மறுநாள்.

— அன்னிக்கு யாரு?

— அற்புதமேரி டீச்சர். பெருநாள் முடியட்டும்னு காத்திருந்து வாங்குனாங்க. மக கல்யாணத்துக்கு வச்சிருந்த பணம்.

— ரெண்டு வெள்ளி பத்து காசு. எட்டு. டீச்சர் எத்தன வாங்குனாங்க?

— இந்தப் பேப்பர நம்ப முடியாது. வேற பேப்பரோட பிலிம் ரோல கேளு.

— நா கேட்டது காதுல விழலையா?

— எட்டாயிரம்.

— உக்காருங்கண்ணே. தேதியும் நம்பரும் படிக்கிறேன், நீங்க பேரச் சொல்லுங்க. செப்டம்பர் பதினெட்டு, மூணு.

— இயேசுதாசன்.

— அக்டோபர் ரெண்டு, பத்து.

— பாட்டுக் குழு. எல்லாரும் சேந்து வாங்குனது.

— அக்டோபர் பதினஞ்சு, நாலு.

— உபதேசியார் மருமகன். போதும் பிரிஜட்.

— நடுவுல எல்லாம் கோடுண்ணே. ஒரு நாள்கூட வேற நம்பரே இல்ல. அப்புறம் விலை எப்படி ஏறுச்சு?

— ஒவ்வொரு தடவையும் முன்ன விட பத்து காசு, இருபது காசு கூடச் சொல்வாங்க ஆபீஸ்ல. நா சரின்னுடுவேன். மறுநாள் பேப்பர்ல அந்த விலை வரும். அதக் கொண்டுபோயி அடுத்த வீட்டுல காட்டுவேன்.

— வித்தது யாரு?

— முதலாளிதான் எங்கருந்தோ எடுத்துக் குடுப்பாரு. கேட்ட அன்னிக்கே கிடைக்கும். பெரிய எடத்துப் பழக்கம்னு நினைச்சேன். தன் கையில இருந்ததத்தான் தள்ளியிருக்காரு. நா புரிஞ்சுக்கல.

— அப்ப ஏமாத்துனது அவரு. நீங்க இல்லையே.

— அவரு ஆஸ்திரேலியாவுல பெர்த்துக்குப் போயாச்சு. நாளைக்குப் பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல நிக்கப் போறது நானு. அத்தாட்சி கொண்டு வாறேன்னு டீச்சர்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்.

— ரோல திருப்பிக் குடுத்துட்டுப் போயிடலாம். கிடைக்கலன்னு சொல்லிடுங்க. இத்தன வாரம் அலைஞ்சது எல்லாருக்கும் தெரியும், நம்புவாங்க.

— சிலுவைராஜுக்கு என்ன சொல்லுவ?

— கண்ணு தெரியலன்னு சொல்லுவேன். மிஷின் சரியில்லன்னு சொல்லுவேன். நீங்க எனக்கு அண்ணன் லா.

— சில்லறை வச்சிருக்கியா? ஒவ்வொரு பக்கமா காப்பி எடு.

— யோசிச்சுத்தான் சொல்றீங்களா? இதக் காட்டினா உங்கள சும்மா விடமாட்டாங்க.

— எடு. வெளியாளு ஒருத்தன்கூட வாங்கல பிரிஜட். அந்தச் சந்தையில இருந்ததே நம்ம கோயில் சனம் மட்டுந்தான். அத நானே சொல்லணும், வேற யாரும் சொல்லி அவங்க கேக்கக் கூடாது.