நீலக் கோடு போட்ட சட்டையில் இருந்த கறை குறித்து

பெயர் செம்மொழி, வயது 34, தகப்பனார் பெயர் நெடுமாறன், தொழில் சிற்பம் செய்தல், இருப்பு மேலத்தெரு, பூவனூர்க்கோட்டகம், தஞ்சாவூர் மாவட்டம். காணாமல் போன ராஜராஜன் என்பவர் குறித்த வழக்கில் விசாரிக்கத் தெரிவிப்பதாவது:

நான் மேற்படி முகவரியில் என் தகப்பனாருடன் வசித்து வருகிறேன். மக்கள் உடுத்திக் கழித்த துணிகளைக் கொண்டு ஆள் உயர உருவங்கள் செய்து காட்சிக்கு வைக்கிறேன். இரும்புக் கம்பியில் உடல் கட்டி, கோழிவலை சுற்றி, மைதாப் பசையில் நனைத்த துணிகளை அதன் மேல் போர்த்துவேன். காய்ந்ததும் துணி விறைத்துக்கொள்ளும். நிறத்துக்காகப் பழைய ஆணிகளை ஊறவைத்த துருத் தண்ணீரை மேலே ஊற்றுவேன். அது பழுப்பும் சிவப்புமாகத் துணியில் இறங்கிவிடும், துவைத்தாலும் போகாது.

இந்த ஆண்டு ஆடி அமாவாசையன்று கோடியக்கரைக்குச் சென்றேன். அன்று கடலில் முழுக்குப் போட வருகிறவர்களில் பலர் பழைய துணியைக் கரையிலேயே விட்டுப் போவார்கள். துப்புரவுப் பணியாளர் பொன்னுத்தாய் அவற்றை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார். கொளுத்தப் போவதாகச் சொன்னதால் அவரிடம் கேட்டு, நானும் கூடச் சேர்ந்து வாரி, மூட்டைகளாகக் கட்டி வேனில் ஏற்றி வந்தேன். அதன் பின்பு, வாய்க்காலில் தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நிற்கும் விவசாயிகளாகத் தலையில்லாத உருவங்கள் சிலவற்றைச் செய்து, தஞ்சாவூரில் மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலையில் காட்சிக்கு வைத்தேன். முன்னால் நின்ற உருவத்துக்கு நீலக் கோடு போட்ட முழுக்கைச் சட்டை. அந்த உருவத்தின் படம் செய்தித்தாளில் வந்தது.

படம் வந்த மறுநாள் மங்களாம்பிகை என்ற வயதான பெண் உறவினர்களுடன் ஆலைக்கு வந்தார். ஆடி மாதம் காணாமல் போன ராஜராஜனின் தாயார் அவர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். சட்டைப் பையின் ஓரத்தில் பச்சை நூலில் போட்டிருந்த ஒட்டுத் தையலைத் தடவிப் பார்த்து, "இது நான் தைச்சது" என்றார். அதன் பின்பு கறையைப் பார்த்துவிட்டு, "என் புள்ள ரத்தம்" என்று கத்திக்கொண்டு உருவத்தின் காலடியில் விழுந்தார். அது நான் ஊற்றிய துருத் தண்ணீர் என்று சொன்னேன். கேட்கிற நிலையில் யாரும் இல்லை. அதன் பின்பு போலீசார் வந்து, உருவத்தை அறுத்துச் சட்டையைக் கைப்பற்றினார்கள்.

அன்று என்னை நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். ராஜராஜனின் மனைவி கவிப்ரியா அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ராஜராஜன் சில மாதங்களாக வயலுக்குப் போகாமல், சரியாகச் சாப்பிடாமல் படுத்தே கிடந்ததாகவும், அவர் காணாமல் போவதற்கு முதல் நாள் கவிப்ரியா கோபத்தில், "எங்கயாவது போய்த் தொலைங்க" என்று சொன்னது தெருவுக்கே கேட்டதாகவும், அதை வைத்துக்கொண்டு அவர்தான் ஆளைக் கொன்றுவிட்டார் என்று ஊரில் பேசுவதாகவும் அறிந்தேன். அவரது மாமியார் மங்களாம்பிகை அவரை உள்ளே விடாமல் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டார். கவிப்ரியா என்னிடம், "அது ரத்தம் இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா, நெனைக்கிறீங்களா?" என்று கேட்டார். தெரியும் என்றேன்.

துணி கிடைத்த இடத்தை அப்போதே ஆய்வாளரிடம் சொன்னேன். அங்குள்ள நிலையத்துக்குத் தகவல் அனுப்புவதாகவும், கறையை ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வரும்வரை பொறுக்க வேண்டும் என்றும் சொன்னார். என்னால் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்குப் போனால் ஆலைக்குப் போகத் தோன்றியது. ஆலைக்குப் போனால் சட்டை இல்லாமல் வெறும் வலையாக நின்ற உருவத்தைப் பார்க்க முடியாமல் வெளியே வந்தேன். மற்ற உருவங்களின் சட்டைப் பைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். பசை இறுகி எதுவும் திறக்கவில்லை. வந்து நின்ற பேருந்தில் ஏறினேன், இறங்கினேன். கடைசியில் கவிப்ரியாவுக்குப் போன் செய்து, "கோடியக்கரைக்குப் போய்ப் பாத்துடலாம், வர்றீங்களா?" என்று கேட்டேன். "கிளம்பித்தான் நிக்கிறேன்" என்றார்.

இருவரும் வேதாரண்யம் போய், அங்கிருந்து கோடியக்கரைக்குச் சென்று பொன்னுத்தாயைக் கண்டுபிடித்தோம். போட்டோவைப் பார்த்து அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "முகம் ஞாபகம் இல்லம்மா. ஆனா அமாவாசை அன்னிக்கு மேல்சட்டை இல்லாம கரையில ஒருத்தர் உக்காந்தே இருந்தாரு. டீக்கடை சேக் தாவூது பாய்தான் கூட்டிட்டுப் போனாரு" என்றார். சேக் தாவூதிடம் போனோம். அவர் போட்டோவை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கவிப்ரியாவிடம், "நீங்க யாரும்மா அவருக்கு?" என்று கேட்டார். சம்சாரம் என்றதும் கடையை அப்படியே விட்டுவிட்டு எங்களை உப்பளத்துக்கு அழைத்துப் போனார்.

பாத்திகளுக்கு நடுவே உப்பு வாரிக்கொண்டிருந்தவர்களில் ராஜராஜன் இருந்தார். எங்களைப் பார்த்ததும் கையில் இருந்த பலகையைக் கீழே போட்டுவிட்டு, "கவி" என்றார். கவிப்ரியா வரப்பிலேயே நின்றார்.

"நான் உங்களக் கொன்னுட்டேன்னு சொல்றாங்க."

ராஜராஜன் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "சாகத்தான் வந்தேன் கவி. வயலப் பாத்தாலே நெஞ்ச அடைக்குது, அத யார்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சட்டையக் கழட்டி வச்சிட்டு எறங்குனேன். கழுத்து வரைக்கும் போனேன். அதுக்கு மேல கால் போகல. திரும்பி வந்தா சட்டையக் காணோம். சட்டை இல்லாம பஸ்ல எப்படி ஏறுறதுன்னு உக்காந்துட்டேன். பாய் வந்து துண்டு குடுத்தாரு, இங்க வேலையும் வாங்கிக் குடுத்தாரு" என்றார்.

அந்தச் சட்டையை வாரியவர்களில் நானும் ஒருத்தி. அங்கே அதை நான் சொல்லவில்லை. அவர் எழுந்து கை கால் கழுவிக்கொண்டு வரும்வரை நான் உப்பளச் சாலையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?" என்று கவிப்ரியா கேட்டார். "என்னன்னு சொல்றது?" என்றார் அவர். "உயிரோட இருக்கேன்னு" என்றார் கவிப்ரியா.

அதன் பின்பு மூவரும் பேருந்தில் தஞ்சாவூர் வந்தோம். கவிப்ரியா முன்னால் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். வழியில் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நிலையத்தில் ராஜராஜனை நேரில் ஆஜர்படுத்தினோம். தகவல் தெரிந்து வந்த மங்களாம்பிகை மகனைக் கட்டிக்கொண்டு அழுதார். அதன் பின்பு கவிப்ரியாவின் கையைப் பிடித்து, "வீட்டுக்கு வாம்மா" என்றார். கவிப்ரியா கையை மெதுவாக எடுத்துக்கொண்டு, "மொதல்ல அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க அத்தை. மனசு சரியில்லாத மனுசன நானும் திட்டித்தான் இருக்கேன். அத அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா அந்த வீட்டுக்கு வர்றதா வேணாமாங்கறத நான்தான் சொல்லணும்" என்றார்.

கைப்பற்றிய சட்டையை யாரிடம் ஒப்படைப்பது என்று ஆய்வாளர் கேட்டார். என் சிற்பத்தில் இருந்தது என்றாலும் அதில் எனக்கு உரிமை இல்லை, எனக்குத் தேவையும் இல்லை. ராஜராஜன் அதைப் பார்க்கவே மறுத்தார். கவிப்ரியா தனக்கு வேண்டும் என்றார். அந்தக் கறை என்ன செய்தாலும் போகாது என்று அவரிடம் சொன்னேன். அதற்கு அவர், "போக வேணாம். அவரையும் சட்டையையும் ஒண்ணா நிக்கவச்சுத் தெருவுக்குக் காட்டணும்" என்றார். ஆகையால் சட்டையை அவரிடம் ஒப்படைக்க எனக்கு முழுச் சம்மதம்.

யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொன்னதை எழுதியபடி எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
நெ. செம்மொழி